மூன்றே நாளில் ஏற்றுக்கொண்ட சஞ்சிகைக்குப் பணம் கட்டலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு முன்பே இடைவிலகுவது பற்றி ஆய்வு செய்து, பேராதனையில் முதுதத்துவமாணிப் பட்டம் முடித்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு கட்டுரை எழுதி, மின்னஞ்சலில் அழைப்பு விடுத்த ஒரு ‘சர்வதேச’ சஞ்சிகைக்கு அனுப்பினீர்கள். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது, கூடவே 200 டொலர் கட்டச் சொல்லி ஒரு பில்லும். அதே வாரம் வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று உங்கள் ஆய்வேட்டை இலவசமாகப் புத்தகமாகப் போட்டுத் தருவதாக எழுதியிருக்கிறது. “இவை போலியா, பணம் கட்டலாமா?” என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்கிறீர்கள். ஆக, கையில் பெரிய பணமில்லாத ஒருவர் தன் ஆய்வை மதிப்புள்ள இடத்தில் எப்படிப் பிரசுரிப்பது, அந்த மதிப்பை யாரையும் கேட்காமல் தானே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் மலையகத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். ஆய்வு மாணவர்களுக்குச் சஞ்சிகை தேடிக்கொடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. சிறிய ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிலும் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறேன். கல்வியியல் என் துறை இல்லை, அதனால் உங்கள் கட்டுரையின் தரம் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. சஞ்சிகையின் பெயரையும் நீங்கள் போடவில்லை. ஆகவே அந்தக் குறிப்பிட்ட சஞ்சிகை மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் தெரியாமலே சில விஷயங்களைத் திட்டமாகச் சொல்ல முடியும்.

முதலாவது, மூன்று நாளில் உங்கள் கட்டுரையை யாரும் மதிப்பாய்வு செய்திருக்க முடியாது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கட்டுரை வந்ததும் ஆசிரியர் ஒருமுறை வாசித்து, தங்கள் சஞ்சிகைக்குப் பொருந்துமா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். பொருந்தினால் அந்தத் துறையில் வேலை செய்த இரண்டு பேரையாவது தேட வேண்டும். மலையகம் சம்பந்தமான கட்டுரை என்றால் இதுவே பெரும்பாடு. எழுதுகிறவர்களும் மதிப்பிடக்கூடியவர்களும் ஏறக்குறைய ஒரே சிறிய வட்டம். எழுதியவருக்குச் சொந்தக்காரரோ மேற்பார்வையாளரோ அல்லாத ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் சம்மதித்து, தன் பரீட்சை விடைத்தாள்களுக்கு நடுவே சம்பளமில்லாமல் உட்கார்ந்து வாசித்து, குறிப்பு எழுதி அனுப்ப மாதங்கள் போகும். இரண்டு தடவை ஞாபகமூட்டல் அனுப்பாமல் பதில் வந்த கட்டுரைகள் எங்கள் இதழில் அபூர்வம். உங்களுக்கு வந்த கடிதத்தில் மதிப்பாய்வாளரின் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாதிரி எப்படித் தெரிவு செய்யப்பட்டது, ஏன் இந்தத் தோட்டங்களை எடுத்தீர்கள், இடைவிலகலை எப்படி வரையறுத்தீர்கள் என்று யாராவது குடைந்து கேட்டிருந்தால் அது மதிப்பாய்வு. “நல்ல கட்டுரை, மேற்கோள் வடிவத்தைச் சரிசெய்க” என்பது மட்டும் இருந்தால் யாரும் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். பணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் அல்ல. எல்லோரும் இலவசமாக வாசிக்கும்படி வெளியிடும் ஓப்பன் எக்சஸ் சஞ்சிகைகளில் நல்லவையும் எழுத்தாளரிடம் கட்டணம் வாங்குகின்றன. பெரிய பதிப்பகங்களில் அது 2,000, 3,000 டொலர் என்று போகும். அப்படிப் பார்த்தால் உங்களிடம் கேட்ட 200 டொலர் மலிவு. மலிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஷென், பியோர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கான மதிப்பாய்வு இல்லாமல் காசுக்குக் கட்டுரை போடும் சஞ்சிகைகள் 2010இல் வெளியிட்ட கட்டுரைகள் சுமார் 53,000 என்றும், 2014இல் அது ஏறத்தாழ 4,20,000 ஆகிவிட்டது என்றும் கணக்கிட்டார்கள். சராசரிக் கட்டணம் 178 டொலர். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருந்தவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள் கஷ்டப்பட்டாவது புரட்டிவிடக்கூடிய தொகை எதுவோ அதுதான் விலை. டொலர் 300 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறபோது 200 டொலர் ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் எவ்வளவு பெரிய துண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணத்தில் பார்க்க வேண்டியது, அது எப்போது, எங்கே சொல்லப்பட்டது என்பதைத்தான். நேர்மையான சஞ்சிகை தன் இணையத்தளத்தில், நீங்கள் கட்டுரை அனுப்பும் முன்பே காணக்கூடிய இடத்தில், தொகையை எழுதி வைத்திருக்கும். வசதி குறைந்த நாடுகளுக்குக் கழிவோ விலக்கோ உண்டா என்றும் சொல்லியிருக்கும். இன்னொன்று நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. சந்தா கட்டி வாசிக்கும் பழைய பாணிச் சஞ்சிகைகளில் பெரும்பாலானவை எழுத்தாளரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ், கேம்பிரிட்ஜ் போன்றவர்கள் வெளியிடும் எத்தனையோ சமூக விஞ்ஞானச் சஞ்சிகைகளில், ஓப்பன் எக்சஸ் வேண்டாம் என்று தெரிவு செய்தால் செலவே இல்லை. கட்டுரை பூட்டிக் கிடக்குமே என்று கவலைப்படுவீர்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் பிரதியை, சில வேளை ஒரு குறிப்பிட்ட காலம் கழித்து, பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் போட அவர்களில் பலர் அனுமதிக்கிறார்கள். ‘சர்வதேசச் சஞ்சிகை என்றாலே காசு’ என்று நம்பி, காசு கேட்டவரிடமே போய் விழுகிற கூத்தை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கொலராடோ டென்வர் பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் 2010 வாக்கில் இப்படிப்பட்ட பதிப்பகங்களைப் பட்டியல் போடத் தொடங்கினார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை அவரே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். இப்போது சுற்றிவருவன மற்றவர்கள் வைத்திருக்கும் பிரதிகள். அதில் ஒரு பெயர் இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அது நற்சான்றிதழ் ஆகாது. 2013இல் ஜோன் பொஹானன் என்ற விஞ்ஞானப் பத்திரிகையாளர், வேண்டுமென்றே அபத்தமான பிழைகள் வைத்து ஒரு போலி மருந்து ஆய்வை எழுதி 304 ஓப்பன் எக்சஸ் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்டவற்றில் பேர்போன பெரிய பதிப்பகங்களின் சஞ்சிகைகளும் சில இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒமிக்ஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2016இல் வழக்குப் போட்டது. 2019இல் நீதிமன்றம் 5 கோடியே 1 இலட்சம் டொலர் கட்டும்படி உத்தரவிட்டது. மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னது, சம்மதிக்காத அறிஞர்களை ஆசிரியர் குழுவில் காட்டியது, கட்டணத்தை மறைத்து வைத்துக் கட்டுரையை ஏற்ற பிறகு சொன்னது, திரும்பப் பெறக் கேட்டவர்களை விடாமல் இழுத்தடித்தது என்பவை குற்றச்சாட்டுகள். உங்களுக்கு வந்த கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு இதை ஒருமுறை திரும்ப வாசியுங்கள்.

அப்புறம், நம் மத்தியில் நம்பப்படும் முத்திரைகள். ஐ.எஸ்.எஸ்.என். இலக்கம் இருக்கிறது என்பார்கள். தொடர்ந்து வருகிற எந்த இதழும் விண்ணப்பித்தால் அந்த இலக்கம் கிடைக்கும். பஸ்ஸுக்கு இலக்கத் தகடு இருக்கிறது என்பதற்காகக் கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் என்று யாரும் நம்ப மாட்டோம் அல்லவா, அந்த அளவுதான் அதற்கும் பெறுமதி. இணையத்தில் ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்க உதவும் டி.ஓ.ஐ. இலக்கமும் வெறும் முகவரிதான். அதையாவது டி.ஓ.ஐ. தளத்தில் போட்டுப் பாருங்கள், திறக்காத போலி இலக்கங்களும் உண்டு. கூகிள் ஸ்கொலரில் வருகிறது என்பது பெருமையே இல்லை, அது கிடைப்பதையெல்லாம் அள்ளிப்போடும் தேடுபொறி. இம்பெக்ட் ஃபெக்டர் 6.8 என்று உங்கள் கடிதத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். ஒரு சஞ்சிகையின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு அது. அந்தப் பெயரில் உலகம் ஏற்றுக்கொள்வது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கை மட்டும்தான். ‘குளோபல்’, ‘சயன்டிபிக்’, ‘இன்டர்நேஷனல்’ என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு வரும் இம்பெக்ட் ஃபெக்டர்கள் காசுக்கு எண் விற்கும் கடைகளிலிருந்து வருபவை. கல்வியியலில் நல்ல பெயருள்ள பல சஞ்சிகைகளே 2, 3 என்ற அளவில் நிற்கும்போது, யாரும் கேள்விப்படாத ஒன்று 6.8 காட்டினால் அந்த எண்ணே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

‘யூ.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது’ என்ற வரி நம் பக்கத்தில் தனிக் குழப்பம். தமிழ்நாட்டிலிருந்து வரும் சில தமிழ் ஆய்விதழ்களின் அட்டையில் அது இருக்கும். நம்மவர்கள் அதை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று வாசித்துவிடுகிறார்கள். அது இந்தியாவின் ஆணைக்குழு. அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே அடியில் 4,305 சஞ்சிகைகள் நீக்கப்பட்டன. 2019இல் கேர் என்ற பெயரில் புதிய பட்டியல் போட்டார்கள், 2025இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே அட்டையில் இருக்கும் வரி எந்த வருடத்துப் பட்டியலைச் சொல்கிறது என்பதே சந்தேகம். எப்படியானாலும் இங்கே உங்களை நேர்முகப் பரீட்சை செய்யும் குழுவை அது கட்டுப்படுத்தாது. தமிழகத்தில் நல்ல தமிழ் ஆய்விதழ்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கட்டுரைகளை வாசித்து அறிய வேண்டியதை அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

சரி, எப்படித் தேடுவது? என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சஞ்சிகைகளின் பட்டியலை இல்லை, அவர்களுடைய ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைத்தான். உங்கள் உசாத்துணைப் பட்டியலை எடுத்து விரியுங்கள். நீங்கள் உண்மையாகவே வாசித்த, உங்கள் வாதத்துக்குக் கைகொடுத்த கட்டுரைகள் எந்தச் சஞ்சிகைகளில் வந்தன என்று குறியுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் கட்டுரை போக வேண்டிய இடம் அநேகமாக அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் அங்கே உங்கள் பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், மதிப்பிடத் தெரிந்தவர்களும் அவர்கள்தான், பிறகு உங்களை மேற்கோள் காட்டப் போகிறவர்களும் அவர்கள்தான். மின்னஞ்சலில் “மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே” என்று கூப்பிட்டு வந்த சஞ்சிகையிலிருந்து ஒரு கட்டுரையாவது உங்கள் உசாத்துணையில் இருக்கிறதா? இல்லையென்றால், நீங்களே வாசிக்காத இடத்தில் உங்கள் கட்டுரையை யார் வந்து வாசிப்பார்கள்? நல்ல சஞ்சிகை கட்டுரை கேட்டு அறிமுகமில்லாதவர்களுக்கு எழுதுவது மிகக் குறைவு. அவர்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது.

உங்கள் விடயத்துக்குப் பொருந்தக்கூடிய சில பெயர்களைச் சொல்கிறேன், நீங்கள் போய் வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிநாட்டில், வளர்முக நாடுகளின் கல்வி பற்றி எழுதும் இன்டர்நேஷனல் ஜேர்னல் ஒஃப் எடியுகேஷனல் டிவலப்மென்ட், ஒப்பீட்டுக் கல்விக்கான கொம்பெயர், தெற்காசியா பற்றிய கன்டெம்பரரி சவுத் ஏசியா. இவற்றில் இடம் பிடிப்பது கஷ்டம், திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பே அதிகம். ஆனால் திருப்பி அனுப்பும்போது வரும் குறிப்புகள் கட்டுரையைத் திருத்த உதவும். உள்நாட்டில், தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தில் நம் பல்கலைக்கழகங்களினதும் ஆய்வு நிறுவனங்களினதும் சஞ்சிகைகள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அந்த மன்றமே வெளியிடும் சமூக விஞ்ஞானச் சஞ்சிகையும் அதில் இருக்கிறது. நம் பல்கலைக்கழகச் சஞ்சிகைகள் பல கட்டணமே வாங்குவதில்லை. உங்கள் சக ஆசிரியர்களில் விஞ்ஞானம் படித்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: பேராதனையின் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ், விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தின் டிராபிகல் எக்ரிகல்ச்சரல் ரிசர்ச், உங்கள் ஊரிலேயே சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தேயிலை விஞ்ஞானச் சஞ்சிகை. மருத்துவத்தில் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவும் இருக்க, முகவரி மட்டும் லண்டன் என்று போட்டுக்கொண்ட ஒன்றுக்கு ஏன் காசு அனுப்ப வேண்டும்?

ஒன்றிரண்டு பெயர் கையில் வந்த பிறகு சரிபார்ப்பது அரை மணித்தியால வேலை. ஆய்வுச் சஞ்சிகைகளைத் தெரிந்தெடுத்து அட்டவணைப்படுத்தும் ஸ்கோபஸ் தளத்தில் சஞ்சிகைகளின் பட்டியல் பகுதி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல், எந்த வருடம் வரை உள்ளடக்கம் என்றும் பாருங்கள். முன்பு சேர்க்கப்பட்டுப் பிறகு நீக்கப்பட்ட சஞ்சிகைகள், பழைய முத்திரையைக் காட்டியே பிழைப்பு நடத்துகின்றன. ஓப்பன் எக்சஸ் என்றால் டி.ஓ.ஏ.ஜே. என்ற இலவச அடைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இரண்டு மூன்று பேரைத் தெரிவு செய்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்தச் சஞ்சிகையின் பெயரை அவர்கள் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கடைசி இதழைத் திறந்து உங்கள் துறைக்கு நெருக்கமான ஒரு கட்டுரையை முழுதாக வாசியுங்கள். ஆயுர்வேதமும் கொங்கிரீட்டும் திருக்குறளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம். இன்னொரு பொறியும் உண்டு. நல்ல சஞ்சிகையின் பெயரையும் இலக்கத்தையும் அப்படியே திருடி வேறு தளம் நடத்துகிறார்கள். ரிட்ராக்‌ஷன் வொட்ச் தளத்தில் இப்படிக் கடத்தப்பட்ட சஞ்சிகைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல், ஸ்கோபஸிலோ டி.ஓ.ஏ.ஜே.யிலோ இருக்கும் இணைப்பின் வழியாகவே சஞ்சிகைக்குப் போவது நல்ல பழக்கம்.

இதுவரை சொன்னவை எனக்கு உறுதியானவை. உறுதியில்லாத ஒரு பெரிய நடுப்பகுதியும் இருக்கிறது. 2019இல் பத்து நாடுகளைச் சேர்ந்த அறிஞர்களும் பதிப்பாளர்களும் கூடி, கொள்ளையடிக்கும் சஞ்சிகை என்றால் என்ன என்று ஒரு வரையறை எழுதினார்கள். மதிப்பாய்வின் தரத்தை அதில் சேர்க்காமலே விட்டார்கள், வெளியிலிருந்து அதை அளக்க வழியில்லை என்பதால். பெரிய பெயர்களும் தப்பவில்லை. வைலி என்ற பழம்பெரும் பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவியின் சஞ்சிகைகளிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று மீளப்பெறப்பட்டன. சிறப்பிதழ்களின் வாசல் வழியாக, போலிக் கட்டுரை எழுதி விற்கும் கட்டுரைத் தொழிற்சாலைகள் உள்ளே புகுந்திருந்தன. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். வேகமாகவும் ஏராளமாகவும் வெளியிட்டு, நிறையச் சிறப்பிதழ் போடும் பதிப்பகங்கள் வேறும் உண்டு. அவற்றில் நல்ல கட்டுரையும் வரும், பதரும் வரும். அவற்றைப் போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கட்டுரையை அங்கே கொடுக்க நான் அவசரப்பட மாட்டேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நம் பல்கலைக்கழகப் பீடங்கள் சில நடத்தும் இதழ்கள் ஒரு வருடம் பிந்தி வரும், இணையத்தளம் வேலை செய்யாது, ஆசிரியர் மின்னஞ்சலுக்குப் பதில் போடமாட்டார். இதைப் பார்த்துவிட்டு ‘இதுவும் போலிதான்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். ஆளில்லாமல், காசில்லாமல், விரிவுரைக்கு நடுவே நடத்தப்படுவது வேறு, ஏமாற்றுவதற்கென்றே நடத்தப்படுவது வேறு. பிந்தி வந்தாலும் இரண்டு பேர் வாசித்துத் திருத்திய இதழையே நான் தெரிவு செய்வேன்.

தமிழில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ‘சிந்தனை’ போல மதிப்பாய்வோடு வரும் தமிழ் இதழ்கள் உண்டு. ஸ்கோபஸ் போன்ற அட்டவணைகளில் தமிழ் இதழ்களைத் தேடினால் ஏமாற்றம்தான், அது தமிழ் இதழ்களின் குற்றம் இல்லை. விண்ணப்பத்துக்கு அட்டவணைப்படுத்தப்பட்ட சஞ்சிகை வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டிவரும். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலும் படிப்பவர்கள் வாசிக்க வேண்டும் என்றால் தமிழில்தான் எழுத வேண்டும். இரண்டையும் செய்யலாம். ஆனால் இரண்டாவதாக வருவது முதலாவதன் மொழிபெயர்ப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, முதல் இதழின் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். சொல்லாமல் செய்தால் ஒரே ஆய்வை இரண்டாகக் காட்டிய பழி வரும்.

புத்தகத்துக்கு வருவோம். உங்கள் ஆய்வேட்டை வாசிக்காமலே, தலைப்பை மட்டும் களஞ்சியத்தில் பார்த்துவிட்டுக் கடிதம் போடுகிற கம்பனிகள் இருக்கின்றன. அவர்கள் இலவசமாகப் போடுவது உண்மைதான். அனுப்பிய கோப்பை அப்படியே அட்டை போட்டு, யாராவது கேட்டால் ஒரு பிரதி அடித்து, யாரும் வாங்க முடியாத விலையில் விற்பார்கள். தொகுப்பாசிரியர் இல்லை, மதிப்பாய்வு இல்லை. ஒப்பந்தத்தில் வெளியீட்டு உரிமை அவர்களிடம் போய்விடும். பிறகு அதே ஆய்விலிருந்து சஞ்சிகைக் கட்டுரை எழுதப் போனால், ஏற்கெனவே பிரசுரமானது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பலாம். உங்களுக்கு உண்மையான நட்டம் அங்கேதான். ஒழுங்கான பதிப்பகம் முதலில் ஒரு முன்மொழிவும் ஓரிரு அத்தியாயங்களும் கேட்கும், துறை தெரிந்தவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் வாங்கும், ஆய்வேட்டைப் புத்தகமாகத் திருப்பி எழுதச் சொல்லும். மலையகம் பற்றிய நூல்களைக் கொழும்பில் சமூக விஞ்ஞானிகள் சங்கமும் கண்டியில் சமூக அபிவிருத்தி நிறுவனமும் வெளியிட்டிருக்கின்றன. அங்கே கேட்டுப் பார்க்கலாம். சொந்தக் காசில் ஹட்டனிலோ கண்டியிலோ அச்சடித்து நண்பர்களை வைத்து வெளியீட்டு விழா நடத்துவதிலும் எந்தக் கேவலமும் இல்லை. மலையக இலக்கியத்தில் பாதி அப்படித்தான் வந்தது. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என். இலக்கமும் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் மட்டும் அதை மதிப்பாய்வு செய்யப்பட்ட நூல் என்று எழுதாதீர்கள்.

இனி உங்கள் இரண்டு மாதம். நேர்மையான எந்தச் சஞ்சிகையிலும் அந்தக் காலத்துக்குள் கட்டுரை அச்சில் வராது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். செய்யக்கூடியது வேறு. நல்ல சஞ்சிகை ஒன்றுக்கு இந்த மாதமே அனுப்பி, கிடைத்ததாக வரும் கடிதத்தை வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் ‘மதிப்பாய்வில் உள்ளது’ என்று உள்ளபடி எழுதலாம். பேராதனைப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு அமர்வுகள் போன்றவற்றுக்குச் சுருக்கம் அனுப்பலாம். குழு இவற்றுக்கு எவ்வளவு புள்ளி கொடுக்கும் என்பது ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மாறும். விளம்பரத்தோடு வரும் புள்ளித்திட்டத்தை வாசித்து, விளங்காவிட்டால் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விசார் தாபனக் கிளைக்கே தொலைபேசி எடுங்கள். சந்தேகத்துக்குரிய சஞ்சிகையில் ஒரு கட்டுரையைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். குழுவில் இருப்பவர்களுக்கும் அதே மின்னஞ்சல்கள் தினமும் வருகின்றன, பெயர்கள் அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சஞ்சிகைக்கு நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை, பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இன்றைக்கே, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிரசுரிக்க அனுமதி இல்லை, உரிமை எதையும் மாற்றித் தரவில்லை என்று மூன்று வரியில் மின்னஞ்சல் போடுங்கள். திரும்பப் பெறுவதற்குக் கட்டணம் கேட்டு மிரட்டுவார்கள், கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அட்டையால் கட்டியவர்கள் இதை வாசித்தால், உடனே வங்கிக்குப் போய் கொடுப்பனவை மறுத்து முறைப்பாடு கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாட்கள் போகப் போக வாய்ப்புக் குறையும். மீறிப் பிரசுரித்தால் திரையைப் படமெடுத்து, உங்கள் மின்னஞ்சலோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த சஞ்சிகையின் ஆசிரியரிடம் கட்டுரை அனுப்பும்போதே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆசிரியரின் முடிவு, அதில் நான் உறுதி தர முடியாது. ஆனால் மறைத்துப் பிறகு பிடிபடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

புதிய இடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் இரண்டு காரியம். உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசி, அவர் பெயர் வர வேண்டுமா, எந்த இடத்தில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்தது, நீங்கள் பேசியது பாடசாலைப் பிள்ளைகளோடு என்பதால், ஆய்வு ஒழுக்கநெறி அனுமதி இலக்கத்தையும் பெற்றோர் சம்மதம் எப்படி வாங்கினீர்கள் என்பதையும் ஒழுங்கான சஞ்சிகை கட்டாயம் கேட்கும். வலயக் கல்விப் பணிமனை தந்த அனுமதிக் கடிதத்தையும் தேடி எடுத்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டவர்கள் அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?